பூநீலம்

தெரியாதுன்னு நீ சொல்லுத எமில்டா, டாக்டரும் அதத்தான் சொல்லுதாரு, கண்ணு தொறந்திருக்கும், உள்ள ஆளு இல்லன்னு, ஆனா இந்த மனுசனோட நீயா குடும்பம் நடத்துன, அவரா நடத்துனாரு? ஆஸ்பத்திரிப் படத்துல மூளையில பாதி கருப்பாத் தெரிஞ்சா ஆளு போயிட்டான்னு அர்த்தமா? எங்க மூத்த மதினி புருசனுக்கு பாதி மூளை கூடக் கெடையாது, மூணு வள்ளம் வச்சு ஓட்டுனான், சாவுத வரைக்கும் ஊரே அவன அண்ணாச்சின்னுதான் கூப்பிட்டுது. கட்டில்ல கெடக்க என் புருசன், இவியளுக்குத் தெரியும். தெரியணும். தெரியலன்னா நான் எதுக்கு வெள்ளன எந்திரிச்சு, சொவத்துல கயித்த இழுத்துக் கட்டி, துணி காயப்போடுத கிளிப்ப மாட்டிக்கிட்டு இந்தப் பாடு படணும்? இத நான் எமில்டாகிட்ட வாய்விட்டுச் சொல்லல. அவ பாட்டுக்கு, ஆசையா படத்தக் காட்டுதிய ஆச்சி, தாத்தாவுக்குத்தான் ஒண்ணும் வெளங்காதேன்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டு அடுக்களைக்குப் போயிட்டா. ஆசையாவாம். கஞ்சிய வடிகட்டுதா, கரண்டிச் சத்தம் இங்கன வரைக்கும் கேக்கு. நாப்பது தாண்டுனவ, புருசன கடலுக்குக் குடுத்தவ, நோயாளி பாக்க வந்த எடத்துல சொந்த அப்பனப் பாக்க மாதிரி பாக்குதா. ரொம்ப நல்லவ. நல்லவகிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியாது. அதான் நான் ஜன்னலுக்கிட்ட நின்னுக்கிட்டு மனசுக்குள்ளயே அவளுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். மஸ்கட்லருந்து மகளும் ஃபோன்ல இந்தக் கயித்தப் பாத்துட்டு அழுதா, அம்மா ஒனக்குத்தான் அப்பா மேல எம்புட்டுப் பாசம்ன்னு. பேத்தி எட்டிப் பாத்து, சூப்பர் ஆச்சின்னா. நானும் சிரிச்சு வச்சேன். பல்செட்டு போடாம சிரிச்சேன், அதையும் பாசம்னு எடுத்துக்கிட்டாளுவ.

ஜன்னல் கெழக்கப் பாத்தது. கடலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவுல ஒரு ரோடும் ஐஸ் கம்பெனிச் சொவரும்தான். வெயிலு ஐஸ் கம்பெனிக் கூரையத் தாண்டி ஏறுனா, கட்டில் தலமாட்டுக்கு மேலோடி வந்து எதுத்த சொவத்துல விழும். கட்டில அப்படித் திருப்பிப் போடச் சொன்னது நான்தான். காத்து வரட்டும்னு சொன்னேன், எல்லாரும் சரின்னாவ. இப்ப அவியளால கழுத்தத் திருப்ப முடியாது, பாத்தா அந்தச் சொவத்தத்தான் பாக்கணும். சொவத்துல கயிறு. கயித்துல ஜப்பான் படம். செர்ரிப் பழ மரப் பலகையில மயிரெழைக்குச் செதுக்கி, ஒரு நெறத்துக்கு ஒரு பலகைன்னு வச்சு, காயிதத்துல கையால தேச்சுத் தேச்சு எடுத்த படம். எல்லாம் கபுக்கிங்குத அந்த ஊரு நாடகத்துல வேசம் கட்டுன ஆளுக. நம்ம ஊருல சினிமாக்காரன் படம் விக்குத மாதிரி அவன் அந்தக் காலத்துல நாடகக்காரன் படத்த அடிச்சு வித்திருக்கான். அதுல மீனப் பொதிஞ்சு குடுத்தாவளாம்னு ஒருத்தன் வெளையாட்டாச் சொல்லப் போயி, இவியளுக்கு அன்னைக்குப் பூரா சோறு எறங்கல. ஜப்பான்ல கோபே பட்டணத்துல இருந்த காலத்துல ஒண்ணொண்ணாத் தேடிச் சேத்தது. ஊருக்கு வந்தப் பெறவு தகர அலமாரில வேப்பெல போட்டுப் பூட்டி வச்சிருந்தாவ. ஞாயித்துக்கிழமை பூச முடிஞ்சு வந்து, கையக் கழுவித் தொடச்சு, ஜன்னலெல்லாம் சாத்தி, திரைய இழுத்துவிட்டு, அந்த இருட்டுக்குள்ள ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு பாப்பாவ. நற்கருணை கூட அப்படி வாங்குனதில்ல. நான் வாசல்ல வந்து நின்னா, மூச்சு விடாதே, ஈரம் பிடிக்கும்பாவ. இந்த நீலம் இருக்கு பாரு, பூவுலருந்து எடுத்தது, வெயிலு பட்டா மொதல்ல போறது அதான், அடுத்து செவப்பு, அதுவும் பூவுதான். ரெண்டையும் கலந்த ஊதா, வைக்கோலாப் போயிரும். எத்தன தடவ சொல்லியிருக்காவ. பாடம் எடுத்த வாத்தியாரு அவியதான். நான் நல்லாப் படிச்சிக்கிட்டேன், அம்புட்டுத்தான்.

ஒரு வேசக்காரன், வாள ஓங்கிக்கிட்டு நிக்கான், பின்னால காக்காப்பொன் பொடியத் தூவி மினுமினுன்னு. அவனத்தான் மொதல்ல மாட்டுனேன். போன வாரம் ஊதாச் சட்ட போட்டிருந்தான், இப்ப அழுக்குச் சாக்கு. ஒரு கண்ண மூக்குப் பக்கம் தள்ளி வச்சிருப்பான். நாடகம் உச்சத்துக்கு வந்தா அந்த ஊரு நடிகன் அப்படித்தான் செலையா நின்னு கண்ணக் கோணுவானாம். இவியளுக்கும் வாதம் அடிச்சதுல இடது கண்ணு மூக்குப் பக்கம் போயிட்டு. ஆஸ்பத்திரில மொதத் தடவ பாத்தப்போ எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துட்டு. நர்சு என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அழாதிய பாட்டிம்மான்னா. சரி, அதையெல்லாம் பாக்குதாவ. நாளும் பொழுதும் பாத்துக்கிட்டேதான் கெடக்காவ. அதுலதான் எனக்கு முள்ளு. பாத்துக்கிட்டே இருந்தா என்ன அர்த்தம்? வேதனைன்னா மொகம் கோணும், அது முந்தியே கோணிக் கெடக்கு. தண்ணி வடியுது, ஆனா அந்தக் கண்ணுலருந்து எப்பவும் வடியுது. நேத்து ராவுல படுத்துக்கிட்டு நெனைக்கேன், ஒருவேளை இவிய சந்தோசமா இருந்தா? காலமெல்லாம் பூட்டி வச்சு கொஞ்ச நேரம் பாத்தத இப்ப விடிஞ்சதுலருந்து பாக்கக் கெடச்சிருக்கேன்னு? என் பொண்டாட்டி அமலி பரவால்ல, கடைசில புரிஞ்சிக்கிட்டா, எனக்காவ கயிறு கட்டி மாட்டுதாளேன்னு, மகளும் எமில்டாவும் நெனைக்குத மாதிரி இவியளும் நெனச்சுக்கிட்டுக் கெடந்தா? எந்திரிச்சுப் போயி லைட்டப் போட்டு மொகத்தப் பாத்தேன். தூங்குதாவ. நிம்மதியாத் தூங்குதாவ, சவம்.

நிம்மதி. எனக்கு அது எப்ப இருந்துது? கல்யாணம் முடிஞ்சு கப்பல்ல போயி கோபேல எறங்குன புதுசு. இவியளுக்கு வேல முத்து தரம் பிரிக்கது. வடக்குப் பாத்த ஜன்னலுக்குக் கீழ வெள்ளத் துணிய விரிச்சுக்கிட்டு, இது பால் வெள்ள, இது ரோசு ஓடுத வெள்ள, இது பச்ச ஓடுத வெள்ளம்பாவ. எனக்கு எல்லாம் வெள்ளதான். ஒரு நாளு என்னக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, சேலய வெலக்கி முழங்கையில சரம் சரமா அடுக்குதாவ. பொண்டாட்டிக்கு மாலை பாக்காவ போலன்னு நான் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். "கருப்புத் தோலுல வச்சா மட்ட முத்துக்கும் எப்படி எடுப்பு வருது பாத்தியா"ன்னு கூட்டாளிகிட்டச் சொல்லிட்டு, சரத்த எடுத்துக்கிட்டாவ. பெறவு யாவாரி வந்தா ஆளனுப்புவாவ. அமலி, கையக் கொண்டா. நானும் கொண்டு போவேன். முத்து குளுந்து கெடக்கும், பல்லி ஏறுன மாதிரி. வீட்டுக்கு வந்தா இந்தப் படம். அதுல பொம்பள வேசம் கட்டுதவனும் ஆம்பளைதான், பொம்பளைய அந்த மேடையில ஏத்த மாட்டான். பாரு, முட்டு ரெண்டும் எப்படிச் சேந்திருக்கு, கைவெரலு எப்படி உள்ள மடங்கியிருக்கு, நீ உக்காந்தா மீன் கூடைய எறக்கி வச்ச மாதிரி இருக்கு. நீ பொம்பளையாப் பொறந்து என்னத்துக்கு, இவனுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலியேம்பாவ. அங்கன மேடையில கருப்புத் துணி மூடுன ஆளுக குனிஞ்சு குனிஞ்சு வருவானுவ, நடிகன் துணிய நேராக்குவானுவ, விசிறிய எடுத்துக் குடுப்பானுவ, ஆனா பாக்கவன் அவனுவளப் பாக்காத மாதிரி இருக்கணுமாம். அதையும் சொன்னாவ. குடும்பப் பொம்பளைன்னா அப்படி இருக்கணுமாம், இருந்தும் தெரியக் கூடாதாம்.

நான் ஒண்ணும் கண்டறியாதவ இல்ல. ஆம்பள பொம்பள வேசம் கட்டுதத என் ஊருல நான் பாக்காததா? கோயில் திருநாளுக்கு வாசாப்பு போடுவாவ, புனிதரு கதைய ராத்திரி பூரா பாட்டாப் பாடி நடிக்கது. எங்க சின்னய்யாதான் ராணி. ஒரு மாசம் முந்தியே மீசைய எடுத்துருவாரு, சின்னாத்தா அந்த மாசம் பூரா அவரு மொகத்தப் பாத்துச் சோறு வைக்காது. ஒரு வருசம் ராணி நாட்டை விட்டுப் போறா, புள்ளையப் பிரியுதா, சின்னய்யா நெஞ்சுல அடிச்சுப் பாடுதாரு. கூட்டத்துல அவரு சொந்தப் புள்ள வீல்னு கத்துது. சின்னாத்தா எவ்வளவு அமத்தியும் நிக்கல. ராணி நேரா மேடைய விட்டு எறங்கி வந்து, புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு, திரும்ப ஏறிப் போயி, விட்ட எடத்துலருந்து பாடுது. கையில வாட்ச்சு. அதக் கழட்ட மறந்துட்டாரு. ஊரே கதறி அழுதுச்சு, சாமியாரும் அழுதாரு. இத நான் இவியகிட்ட ஆசையாச் சொன்னேன். அது கூத்து, இது கலைன்னு சொல்லிட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டாவ. கலையப் பாக்க ஒசாகாவுக்கு ஒரே ஒரு தடவ என்னக் கூட்டிட்டுப் போனாவ. அங்க நடிகனுக்கு வீட்டுப் பேருன்னு ஒண்ணு உண்டு. அவன் செலையா நிக்குத நேரம் பாத்து, மேல பின் வரிசையிலருந்து வெவரம் தெரிஞ்ச ஆளுக அதச் சொல்லிக் கத்துவாவ. அதுக்குன்னு ஒரு நொடி இருக்கு, முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது. இவிய மாசக்கணக்கா குளியலறைல கத்திக் கத்திப் பழகிட்டு வந்திருக்காவ. மேடையில பொம்பள வேசக்காரன் கைத்துணிய வாய்க்குக் கொண்டு போறான், அழப் போறான், கூட்டத்துல ஊசி விழுந்தா கேக்கும். இவிய எந்திரிச்சு நின்னு கத்துனாவ. அவன் கை பாதியில நின்னுட்டு. ஒருத்தன் கூடத் திட்டல. அம்புட்டுப் பேரும் தலையக் குனிஞ்சு, காதுல விழாத மாதிரி உக்காந்துக்கிட்டானுவ. நான் சிரிச்சேன். யாரா இருந்தாலும் சிரிப்பாவ. மாசமா வேற இருந்தேன், வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிச்சேன், உள்ள புள்ளையும் ஒதைக்குது, அதுவும் சிரிக்குன்னு நெனச்சேன். ரயில்ல திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து சட்டயக் கழட்டி ஆணியில மாட்டிக்கிட்டே, "இனி ஒன் வாயி தொறக்குத சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது"ன்னாவ.

அந்தப் புள்ளதான் சந்தியாகு. தத்தித் தத்தி நடந்துக்கிட்டு இருந்தான். மழ மாசத்துல காச்ச வந்து, கழுத்து வெறச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயித் திரும்பக் கொண்டாந்தப்போ வெள்ளத் துணில சுத்தியிருந்தாவ. நான் அழுதேன். எங்க ஊருல எப்படி அழுவாவளோ அப்படி அழுதேன், மாருல அடிச்சு, பேரச் சொல்லிச் சொல்லி, அவன் தின்னது, அவன் தேடுனது, அவனுக்கு வாங்கி வச்ச செருப்பு எல்லாத்தையும் சொல்லி. வேற எப்படி அழ? காயிதக் கதவு வச்ச வீடு அது, தெருவுக்கே கேட்டிருக்கும். இவிய எந்திரிச்சு வந்தாவ. கட்டிப் பிடிக்க வராவன்னு நெனச்சேன். குளிக்குத துண்ட எடுத்துச் சுருட்டி என் வாயில அடச்சாவ. பெறவு அலமாரியத் தொறந்து இந்தப் படத்த எடுத்தாந்து என் மொகத்துக்கு நேரா பிடிச்சாவ. நீலப் பின்னணி. முட்டுப் போட்டுக்கிட்டு ஒரு பொம்பள, பொம்பளையா எங்க, ஒரு ஆம்பள, துணி நுனியப் பல்லால கடிச்சுக்கிட்டு எங்கயோ பாக்குதா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. "பாரு அமலி. இதான் அழுக. நீ அழுதா ஏலம் போடுத மாதிரி இருக்கு." வாயில துண்டோட நான் பாத்தேன். பக்கத்துல புள்ள. எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னாவன்னு தெரியாது. அந்தப் படத்துல ஒவ்வொரு மயிரும் எனக்குத் தெரியும், காதுக்கு முன்னால ரெண்டு எழ பிரிஞ்சு கெடக்கும், செதுக்குனவன் கை சாகட்டும். பெறவு மக பொறந்தா, ஊருக்கு வந்தோம், வீடு கட்டுனோம், பேத்தி பொறந்தா, அதெல்லாம் நடந்துது. நான் ஒருத்தர் சாவுக்கும் அழல. எங்க அம்மைக்கும் அழல. கல்லு மனசுக்காரின்னு சொந்தத்துல பேரு எனக்கு.

இன்னைக்கு அந்தப் படந்தான். மத்ததெல்லாம் முடியட்டும்னு வச்சிருந்தேன், ஆனா நேத்து அந்த நிம்மதித் தூக்கத்தப் பாத்தப் பெறவு பொறுக்கல. திரையத் தொறக்காம இருட்டுலயே கிளிப்புல மாட்டி வச்சேன், வேசக்காரிக்கு தலைக்கு ரெண்டு பக்கமும் பச்சக் கிளிப்பு, கொம்பு மாதிரி. கை கழுவல. வெங்காயம் உரிச்ச கை. இந்தா, ஐஸ் கம்பெனிக் கூரை பளபளங்குது, வெயிலு ஏறிட்டு. திரையத் தொறக்கேன். சொவரு பூரா வெளிச்சம், நீலம் அப்படியே எரியுது, கோபேல பாத்த அதே நீலம். திரும்பி அவியளப் பாக்கேன். கண்ணு மூடியிருக்கு.

தூக்கம்னு நெனச்சேன். இப்பத்தான் முழிச்சுக்கிட்டுக் கெடந்தாவ. திரையச் சாத்துனேன். கொஞ்சம் பொறுத்துப் பாத்தா, கண்ணு தொறந்திருக்கு, ரெண்டும். திரையத் தொறந்தேன், கண்ணு மூடிட்டு. எமில்டா கஞ்சிக் கிண்ணத்தோட வந்து நிக்கா, என்ன ஆச்சி திரையோட வெளையாடுதியங்கா. படத்தக் கண்டாத்தான் மூடுதாவன்னு நான் சொன்னேன். அவ நம்பல. வெளிச்சம் கூசுது ஆச்சி, பச்சப் புள்ள கூட மூடும், அதுக்கு அறிவு வேண்டாம்னா. அதுவும் சரிதான், இப்படி எதுத்துக் கேக்க ஆளு இருந்தாத்தான் உண்மை தெரியும். நான் போயி கிளிப்ப எடுத்து, படத்தப் பொரட்டி, முதுகுப் பக்கத்தக் காட்டி மாட்டுனேன். வெள்ளக் காயிதம், முன்னைக்கு இப்ப ரெட்ட வெளிச்சம், எனக்கே கண்ணு கூசுது. நிக்கோம் ரெண்டு பேரும். அவிய இமை மெதுவா ஏறுது. முழுசா ஏறுது. நல்ல கண்ணு காயிதத்தப் பாக்கு, எனக்கு என்னமோ பின்பக்கத்து வழியா ஊடுருவிப் பாக்க மாதிரி இருக்கு. படத்தத் திருப்புனேன். பட்டுன்னு மூடுனாவ. மூடுனது மட்டுமில்ல, இறுக்கி மூடுனாவ, நெத்தி சுருங்குது, வாதம் அடிக்காத பக்கத்துத் தாடை இறுகுது.

எமில்டா கிண்ணத்த வச்சிட்டு, மாதாவேன்னு என் கையப் பிடிச்சிக்கிட்டா. கண்ணுலருந்து தண்ணி கொட்டுது அவளுக்கு. "ஆச்சி, தாத்தா உள்ளதான் இருக்காவ. நீங்க சொன்னது சரிதான் ஆச்சி. ஒங்க பாசம்தான் அவியள இழுத்துக்கிட்டு வந்துருக்கு." நான் தலைய ஆட்டுனேன். அவ கூடத்துக்கு ஓடுதா, டாக்டருக்குச் சொல்லணும், மஸ்கட்டுக்குச் சொல்லணும்னுக்கிட்டே. எனக்குள்ள என்னமோ ஒண்ணு அவுந்து வயித்துல எறங்குது, சூடா, இளநீ குடிச்ச மாதிரி இல்ல, சாராயம் குடிச்சவன் சொல்லுவானே அப்படி. தெரியுது. எல்லாம் தெரியுது. மொத நாளுலருந்து தெரியுது. ஊதா போனதும் தெரியும், சாக்கு நெறம் ஆனதும் தெரியும். கட்டில எதுக்குத் திருப்புனேன்னும் தெரியும். எம்புட்டு நாளு தனியாக் கெடந்து பாத்தாவ, சொல்ல வாயில்லாம. இந்தப் படத்துக்கு மட்டும் பொறுக்கல.

ஆனா மூடிட்டாவ. அதான் இப்ப நெஞ்சுல வந்து மாட்டுது. ஒரு வழிய கண்டுபிடிச்சிட்டாவ பாத்தியா. இனி நான் எத மாட்டுனாலும் இவிய இமையச் சாத்திக்கிட்டு உள்ள போயிருவாவ, உள்ள அந்த நீலம் அப்படியே இருக்கும், வெயிலு அங்கன போவாது, பழைய திரை, பழைய இருட்டு, ஞாயித்துக்கிழம. இமையப் பிடிச்சுத் தூக்கிப் பாத்தேன், ஒரு தடவ. முழி மேல போயி வெள்ளதான் தெரியுது. பால் வெள்ளையா, பச்ச ஓடுதான்னு தெரியல எனக்கு. விட்டுட்டேன். அப்பத்தான் காது கண்ணுல பட்டுது. பெரிய காது, எமில்டா தொடச்சுச் சுத்தமா வச்சிருக்கா, ஓரத்துல நரச்ச மயிரு. காதுக்கு ஒரு கேடும் இல்லன்னு டாக்டரே சொன்னாரு. குனிஞ்சு வாயக் கிட்டக் கொண்டு போனேன். நீலம் போவத் தொடங்கிட்டு, கேட்டியளா, காதுக்கிட்ட, அந்த ரெண்டு எழ மயிரு பிரிஞ்சு கெடக்கே, அங்கனதான் மொதல்ல வெளுக்குன்னேன். பொய்தான். ஒண்ணும் வெளுக்கல இன்னும், வெளுக்க நாளாவும். ஆனா இமை துடிக்குது. தொறந்து பாத்தாத்தான நான் சொல்லுதது பொய்யின்னு தெரியும், தொறந்தா வெயிலுல படத்தப் பாக்கணும். தொறக்கல. துடிச்சுக்கிட்டே கெடக்கு, ரெண்டு இமையும். நான் மெதுவா நிமுந்தேன், முட்டு வலிக்கு, இப்படிக் குனிஞ்சு நின்னா எம்புட்டு நேரம் தாங்கும், எனக்குச் சொல்ல நெறைய இருக்கு, ஒவ்வொரு படமாச் சொல்லணும், பெறவு சந்தியாகு தின்னது, அவன் தேடுனது, செருப்பு. எமில்டா, ஃபோனப் பெறவு பண்ணிக்கிடலாம். கூடத்துல கெடக்க கை வச்ச நாற்காலிய இங்க உள்ள கொண்டா.